மோட்டார் அக்காவின் ‘எனக்கெதுக்கு’

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எதிர் வீட்டு ஜன்னலில் புதுத் திரைச்சீலை தொங்கினால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. நான் தையல்காரி. முன்னறை ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டிருக்கிறேன். கை துணியில் இருக்கும், கண் தெருவில் இருக்கும். அப்படியிருந்தும் ஒருநாளும் ஊசி விரலில் ஏறியதில்லை.

ஆனால் என் பொறாமை கைக்குட்டை அளவு என்றால் மோட்டார் அக்காவின் பொறாமை போர்வை அளவு. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட்டால் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் வீட்டுக் கொல்லையில் இருந்த போர் மோட்டாரால். அவளுடைய அப்பா போர் போடுகிற லாரியில் வேலை பார்த்தவர். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் லாரியோடு வந்து நின்றார். நின்ற இடத்திலேயே குழாயை இறக்கினார். தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கூரையை நனைத்தது. எங்கள் ஊர் காய்ந்த ஊர். வருஷத்தில் கொஞ்ச நாள் மழை, மிச்ச நாளெல்லாம் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு. வெயில் காலம் வந்தால் எல்லார் வீட்டுப் போரும் வெறும் காற்றை இழுக்கும். அவளுடையது மட்டும் இழுக்க இழுக்கத் தரும், அதுவும் குடித்தால் தித்திக்கும். என் வீட்டுக் குழாயில் வந்தது துரு. வயிறு எரியாமல் என்ன செய்யும், சொல்லுங்கள்.

காலையில் அவள் கொல்லையில் மோட்டார் உறுமினால் தெரு முழுக்கக் குடத்தோடு ஓடும். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். யார் முன்னால், யார் பின்னால் என்பதை அவள் சொல்வாள். இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு ஒவ்வொருத்தியையும் வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

“ஏய், குடத்தைக் கழுவிட்டு வந்தியா, இல்ல கழுவறதுக்கும் என் தண்ணிதானா?”

“உன் வீட்டுக்காரரு இன்னுமா வேலைக்குப் போகல? அவரை ஒருநாள் குடத்தைத் தூக்கச் சொல்லு, புத்தி வரும்.”

யாரும் கோபித்துக்கொண்டதில்லை. திட்டிக்கொண்டேதான் எல்லோருக்கும் கொடுப்பாள். யார் வீட்டில் சண்டை, யார் மகளுக்கு வரன், யாருக்கு மூட்டு வலி, எல்லாம் அந்தக் கொல்லையில்தான் தெரியவரும். ஆளுக்கொரு தீர்ப்பும் சொல்லி அனுப்புவாள். ஒருத்தி ஊருக்குப் போய்விட்டு வந்தால் நேரே அங்கே போய்த்தான் மூட்டையை அவிழ்ப்பாள். மெஷினுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். தண்ணீரைவிட அதன்மேல்தான் எனக்குப் பொறாமை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் முதலில் “எனக்கெதுக்கு” என்பாள். வேண்டாம் என்று அர்த்தமில்லை, இன்னும் கேள் என்று அர்த்தம். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால் போதும்.

“எனக்கெதுக்கு, இப்பதான் குடிச்சேன்.”

“அட, குடிங்கக்கா.”

“உனக்கெதுக்கும்மா சிரமம்.”

“அடுப்புல வச்சாச்சு.”

“வச்சுட்டியா? அப்ப சரி. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடு.”

அதன் பிறகு இரண்டு டம்ளர் குடிப்பாள். மூன்றாவது தடவை கேட்டுத்தான் அவளுக்கு எதையும் கொடுக்க முடியும் என்பது தெருவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். தானாக வாய் திறந்து அவள் ‘வேணும்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்த வீட்டில் அவளுடைய ஓரகத்தி. அவளை நாங்கள் சின்னவள் என்போம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். வீட்டில் என்ன நடந்தாலும் ‘ஸ்பேனர் எங்கே’ என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுகிற ரகம் இரண்டு பேரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சின்னவளும் ஆசைப்பட்டு அவள் பக்கம் போர் போட்டாள். ஆழமாகத்தான் போட்டாள். நாள் முழுக்கத் தூசிதான் வந்தது, காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அந்தக் குழாய்க்கு ஒரு மூடி போட்டு, அதன்மேல் துவைக்கிற கல்லை வைத்துவிட்டாள்.

பிறகு அவளும் குடத்தோடு மோட்டார் அக்காவின் கொல்லைக்குத்தான் வந்தாள். எப்போதும் கடைசி ஆளாக நிற்பாள். அப்படி நிற்கச் சொன்னது மோட்டார் அக்காதான்.

“அவ நம்ம வீட்டு ஆளுதானே, கடைசியா புடிச்சுக்கட்டும். முன்னாடி விட்டா ஊரு என்னைப் பத்தி என்ன பேசும்?”

கடைசி ஆள் வருவதற்குள் மோட்டார் சூடாகிவிடும், தண்ணீர் நூலாகிவிடும். அரைக் குடத்தோடு சின்னவள் “பரவாயில்லக்கா” என்று சிரித்துக்கொண்டே போவாள். அந்தச் சிரிப்பை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் அரசாங்கம் புதுத் தண்ணீர்ச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இப்படியே விட்டால் பிள்ளைகள் காலத்தில் குடிக்கக்கூட இருக்காது என்றார்கள். அதனால் இனி யாரும் புதுப் போர் போடக்கூடாது. நல்ல தண்ணீர் உள்ள ஒரு போர் தெருவுக்கே பொதுவாகும். மோட்டார் பெட்டிக்குப் பூட்டு, அதன் சாவி தெரு தேர்ந்தெடுக்கிற பொறுப்பாளரிடம். வாரா வாரம் போருக்குள் டேப்பை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை அடித்து, தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது என்று கோடு போட வேண்டும். கோடு சிவப்பில் இறங்கினால் மோட்டாருக்கு அரசாங்க முத்திரை. அடுத்த மழை வரை லாரித் தண்ணீர்தான், அதுவும் லாரிக்காரன் மனது வைத்தால்.

நல்ல சட்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை எழுதியவர்கள் எங்கள் தெருவில் வரிசையில் நின்றவர்கள் இல்லையே.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நீர்த்துறையில் இருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். வயது அதிகமில்லை, பேச்சில் தேனும் பாலும். போர் யாருடையதோ அவர்கள் சம்மதித்தால் நல்லது என்றார். மோட்டார் அக்கா எழுந்து நின்று, “தண்ணி என்ன, நான் செஞ்சா வச்சேன்? தெரு குடிக்கட்டும்” என்றாள். எல்லோரும் கை தட்டினோம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

“ரொம்பப் பெரிய மனசும்மா உங்களுக்கு. அப்ப பொறுப்பாளரா நீங்களே இருக்கீங்களா?” என்று கேட்டார் பொறியாளர்.

மோட்டார் அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “எனக்கெதுக்கு தம்பி அதெல்லாம்” என்றாள்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் காத்திருந்தோம். இரண்டாவது தடவை கேட்பார், மூன்றாவது தடவை கேட்பார், பிறகு கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று இருந்தோம். அந்த மனிதருக்கு என்ன தெரியும்? எந்த ஊரிலிருந்தோ வந்தவர். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நினைக்கிற ஊராக இருக்கும்.

“சரிம்மா, உங்க இஷ்டம். வேற யாராவது?” என்றார்.

எங்கள் வாயெல்லாம் திறந்தபடி நின்றது. நான் “அக்காவை இன்னொரு தடவை கேளுங்க சார்” என்று சொல்ல எழப்போனேன், பெஞ்சில் முழங்கால் மாட்டிக்கொண்டது. அதற்குள் பின்னால் ஒரு கை மேலே போனது. சின்னவளுடைய கை.

அவ்வளவுதான். சாவி அவளுக்கு, டேப் அவளுக்கு, பெயிண்ட் டப்பா அவளுக்கு. குடம் வைக்கிற தொட்டியும் குழாயும் அவள் வீட்டு வாசலில். அங்கேதான் இடம் இருக்கிறதாம். மோட்டார் அக்கா சுண்டிப்போன முகத்தோடு “ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். கதவு சாத்திய சத்தம் என் மெஷின் வரை கேட்டது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். தொட்டி சின்னவள் வாசலில். ஆனால் போரும் மோட்டாரும் மோட்டார் அக்காவின் கொல்லையில். காலையில் மோட்டாரைப் போட வேண்டுமென்றால் சின்னவள் அவள் வீட்டுக்குள் புகுந்து, நடுக்கூடம் தாண்டி, சமையலறை தாண்டித்தான் போயாக வேண்டும். சாவி ஒருத்தியிடம், வழி இன்னொருத்தியிடம்.

மோட்டார் அக்கா விடுவாளா? சின்னவள் வாசலில் வந்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் கூடத்தைத் துடைக்க ஆரம்பிப்பாள்.

“ஈரமா இருக்கு, காயட்டும். உள்ள வந்தா கால் தடம் விழும்.”

“சரிக்கா.”

துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பாள். தெரு முழுக்கக் குடத்தோடு நிற்கும். சின்னவள் வாசற்படியில் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன சிரிப்போடு நிற்பாள். ஒருநாள் கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டு வெயிலில் தலையணை காயவைத்தாள். இன்னொரு நாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். எத்தனை நேரம் குளித்தாளோ, தண்ணீர்ச் சட்டத்துக்கே அடுக்காது.

சின்னவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. ஆளுக்கு இத்தனை குடம் என்று எல்லோருக்கும் ஒரே அளவு வைத்தாள். திட்டவில்லை, யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. வாரா வாரம் டேப்பின் முனையில் இருக்கிற குண்டைப் போருக்குள் விட்டு, அது தண்ணீரில் விழுகிற ‘டொப்’ சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் கேட்டு, தன் வாசல் சுவரில் அழகாகக் கோடு போட்டாள். தெரு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ‘சின்னவ வந்த பிறகுதான் நியாயமாக் கிடைக்குது’ என்று சிலபேர் மோட்டார் அக்காவின் காதில் விழும்படியே சொன்னார்கள். நேற்றுவரை அவள் கொல்லையில் பல்லைக் காட்டியவர்கள்தான்.

மத்தியானத்தில் மோட்டார் அக்கா என் ஜன்னலுக்கு வருவாள். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. எல்லோரும் அவள் கொல்லைக்குப் போனபோது அவளுக்கு என் ஜன்னல் எதற்கு? இப்போது அவள் கொல்லையில் காக்கா உட்காருவதோடு சரி.

“பாத்தியா டைலரம்மா, அவ கோடு போடற அழகை? ஓவியக்காரின்னு நெனப்பு.”

“கோடு நேராத்தானே இருக்குக்கா.”

“நீயும் அவ கட்சியா? என் மோட்டாருடி அது. அதோட சத்தத்துலதான் நான் இத்தனை வருஷமா கண் முழிக்கிறேன். இப்ப அவ வந்து போட்டா உறுமுது. அந்த மோட்டாருக்காவது ரோஷம் வேணாம்?”

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. எனக்கு அவள் மேல் பரிதாபம் வந்தது. அவள் என் ஜன்னலைத் தேடி வருகிறாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சுவரில் கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. பிறகு மஞ்சளுக்குள்ளேயே கீழே கீழே போனது. அந்தப் பக்கம் பார்க்கவே தெரு பயந்தது. மோட்டார் அக்கா மட்டும் தினமும் அந்தச் சுவருக்கு எதிரில் போய் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

“என் கையில இருந்தப்ப இறங்குச்சா? ஒருநாளாவது இறங்குச்சா? தண்ணிக்குக்கூட ஆள் தெரியும்.”

அவள் கையில் இருந்தபோது யார் அளந்து பார்த்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் ஜன்னலுக்கு வரமாட்டாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பொறியாளர் மறுபடி வந்தார். சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது என்றார். மழை வரும்போது எல்லார் வீட்டு மொட்டைமாடித் தண்ணீரையும் குழாயில் சேர்த்து, ஒரு குழியில் ஜல்லியும் மணலும் போட்டு வடிகட்டி, பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்புவதற்குத் தோதான இடம் சின்னவள் பக்கத்தில் மூடிக் கிடக்கிற அந்தத் தூசிப் போர். கீழே இரண்டு போருக்கும் ஒரே பாறைதான், அங்கே ஊற்றினால் இங்கே ஏறும் என்றார். ஆனால் சின்னவள் கொல்லை ஒடுக்கம். வடிகட்டுகிற குழியை மோட்டார் அக்காவின் கொல்லையில்தான் தோண்ட முடியும். அங்கிருந்து சுவருக்கடியில் குழாய் போகும். அதற்கு மோட்டார் அக்கா சம்மதம் சொல்ல வேண்டும், மழைக்கு முன்னால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கோடு சிவப்பைத் தொடும், மோட்டாருக்கு முத்திரை விழும்.

மோட்டார் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

“அதாவது தம்பி, என் கொல்லையைத் தோண்டி, தெருத் தண்ணி மொத்தத்தையும் கொண்டுபோய் அவ போர்ல ஊத்தணும். அப்படித்தானே?”

“கீழ எல்லாம் ஒண்ணுதாம்மா.”

“கீழ ஒண்ணா இருக்கலாம். மேல சுவரு இருக்கு. முடியாது.”

தெரு ஆடிப்போய்விட்டது. ஒவ்வொருத்தியாக அவள் வீட்டுக்குப் போனாள். பேக்கரிக்காரர் பெஞ்சாதி போனாள், வாத்தியார் வீட்டம்மா போனாள். நான் இரண்டு தடவை போனேன். பல மாதத்துக்குப் பிறகு அவள் கூடத்தில் கூட்டம். அவள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள், எல்லோரையும் பழையபடி திட்டினாள், சிரித்தாள். குழி என்று பேச்சை எடுத்தால் மட்டும் “எனக்கெதுக்கு அந்த வம்பு” என்பாள். கேட்க வேண்டிய முறைப்படி இரண்டு தடவை, மூன்று தடவை, ஏழெட்டுத் தடவைகூடக் கேட்டுப் பார்த்துவிட்டோம். இந்தத் தடவை அசையவில்லை.

“நீங்க கேட்டு என்ன ஆகப்போகுது? கேக்க வேண்டியவ கேக்கலையே” என்று கடைசியில் என்னிடம் சொன்னாள்.

“அவ வந்து கேட்டா சம்மதிப்பீங்களா?”

“வரட்டும், பாக்கலாம். கெஞ்சட்டும். எனக்கும் கொஞ்சம் வயிறு குளிரட்டும்.”

“அதுக்குள்ள முத்திரை வச்சுட்டா? உங்க மோட்டாரும்தானே ஊமையாப் போயிடும்?”

“போகட்டும். அவ கையில உறுமறதுக்கு, ஊமையாவே கிடக்கட்டும்.”

அப்பா தோண்டிக் கொடுத்த போரைப் பற்றி அவள் அப்படிச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொறாமை எனக்கும் உண்டு. ஆனால் என் பொறாமை என் குடத்தை நானே உடைத்துக்கொள்ளச் சொன்னதில்லை.

அந்த வாரம் கோடு சிவப்புக்கு ஒரு விரல் மேலே நின்றது. பொறியாளர் இரண்டு வேலையாட்களோடும் கடப்பாரையோடும் வந்து தெருவில் நின்றார். இன்றைக்குச் சம்மதம் கிடைத்தால் தோண்டுவது, இல்லையென்றால் வேறு தெருவுக்குப் போய்விடுவது என்று சொல்லிவிட்டார். நான் தைத்த தலையணை உறையைக் கொடுக்கிற சாக்கில் மோட்டார் அக்காவின் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இன்னும் நாலைந்து பேர் ஏதேதோ சாக்கில் வந்திருந்தார்கள்.

சின்னவள் வந்தாள். கூடம் தாண்டி, சமையலறை தாண்டி, கொல்லைப்படியில் வந்து நின்றாள். அன்றைக்கு முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

“வாங்க மகாராணி” என்றாள் மோட்டார் அக்கா. “கெஞ்ச வந்தியா?”

“இல்லக்கா. கெஞ்சறதை மத்தவங்க பண்ணியாச்சு. நான் வேற ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அன்னிக்கு ஸ்கூல்ல நீங்க ‘எனக்கெதுக்கு’ன்னு சொன்னீங்களே. அது வேணாங்கறது இல்லன்னு எனக்குத் தெரியும்.”

மோட்டார் அக்கா விறைத்துப்போனாள். “தெரியுமா? தெரிஞ்சுமா கையைத் தூக்கின?”

“தெரிஞ்சதாலதான் தூக்கினேன். அந்த ஆளுக்குத்தான் தெரியாது. யாராவது அவருக்குச் சொல்லி, அவரு ரெண்டாவது தடவை கேட்டுட்டா போச்சு. அதுக்குள்ள தூக்கிடணும்னுதான் அவ்வளவு வேகமாத் தூக்கினேன்.”

அடிப்பாவி என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்தக் கொல்லையில நான்தான் கடைசி” என்றாள் சின்னவள். “நம்ம வீட்டு ஆளு, நம்ம வீட்டு ஆளுன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு அரைக் குடம்தான். என் பக்கம் தோண்டினா தூசி, உங்க பக்கம் தோண்டினா தண்ணி. காலையில சுவத்துக்கு அந்தப் பக்கம் மோட்டாரு சத்தம் கேக்கறப்பல்லாம் எனக்கு எப்படி எரியும் தெரியுமா? சிரிச்சுக்கிட்டே நின்னேன், அவ்வளவுதான். ஒருநாளாவது அந்தச் சாவி என் கையில இருக்கணும், நீங்க எல்லாரும் என் வாசலுக்கு வரணும். அதான் ஆசை.”

மோட்டார் அக்கா மோட்டார் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

“பெருமையாத்தான்டி உன்னைக் கடைசியில நிக்க வச்சேன். என் வீட்டு ஆளு விட்டுக்கொடுக்கறாளேன்னு பெருமை. அரைக் குடம் பத்தலன்னு ஒருநாளாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாமில்ல?”

“நீங்க ஒருநாளாவது வாயைத் திறந்து வேணும்னு சொல்லியிருக்கலாமில்ல?”

சின்னவள் விரலிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினாள்.

“இந்தாங்க. ஒரே ஒரு தடவைதான் கேப்பேன், அந்த ஆளு கேட்ட மாதிரி. வேணுமா, வேணாமா?”

மோட்டார் அக்காவின் உதடு பழக்கதோஷத்தில் குவிந்தது. ‘எ’ என்று ஆரம்பித்தும்விட்டாள். சொல்லித் தொலைத்துவிடாதே அக்கா என்று மனதுக்குள் கத்தினேன். அவள் வாயை மூடி, எச்சிலை விழுங்கினாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு மனுஷி அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

“வேணும்” என்றாள்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை போல. மறுபடி சொன்னாள், தெருவில் நின்ற பொறியாளர் வரை கேட்கும்படி.

“வேணும்டி! என் மோட்டாரு. எங்கப்பா போட்டது. எனக்கு வேணும்!”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். சின்னவள் சாவியை அவள் கையில் வைத்து மூடினாள். அவளும் அழுதாள். பொல்லாத ஜென்மம் நான், நானும் அழுதேன்.

“ஆனா டேப்பைத் தர மாட்டேன்” என்றாள் சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “அளக்கறதும் கோடு போடறதும் நான்தான்.”

“வச்சுக்கோ. அந்தக் கயிறு எனக்கெதுக்கு?”

இந்த ஒரு தடவை நாங்களும் அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோம். பொறியாளர் உள்ளே வந்து, பொறுப்பாளர் பெயரை மாற்ற வேண்டுமானால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமே என்று இழுத்தார்.

“பேரு அவ பேருதான் தம்பி, அப்படியே இருக்கட்டும். நீங்க முதல்ல குழியைத் தோண்டுங்க. மழை உங்க மேலிடத்துக்கிட்ட அனுமதி கேட்டுட்டா வரப்போகுது?” என்றாள் மோட்டார் அக்கா.

தோண்டினார்கள். ஜல்லி கொட்டினார்கள், மணல் கொட்டினார்கள், எங்கள் மாடிகளிலிருந்தெல்லாம் குழாய் இழுத்தார்கள். சின்னவள் தன் துவைக்கிற கல்லை நகர்த்தி, தூசிப் போரின் மூடியைத் திறந்தாள். நல்லவேளையாக மழை எங்களை ரொம்பச் சோதிக்கவில்லை. ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. மாடித் தண்ணீர் குழியில் இறங்கி, சுவருக்கடியில் போய், தூசிப் போருக்குள் குபுகுபுவென்று விழுந்தது. மோட்டார் அக்கா நனைந்துகொண்டே சுவர்ப் பக்கம் நின்று கத்தினாள்.

“கேக்குதாடி?”

“கேக்குதுக்கா! குடிக்குதுக்கா! நல்லா குடிக்குது!” என்று அந்தப் பக்கத்திலிருந்து சின்னவள் கத்தினாள்.

மழை நாட்கள் முடிந்து அளந்தபோது கோடு மஞ்சளில் மேலே ஏறியிருந்தது. பச்சையைத் தொடவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் முத்திரை விழவில்லை.

இப்போது காலையில் மோட்டாரைப் போடுவது மோட்டார் அக்காதான். போட்டுவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சின்னவள் வாசலில் இருக்கிற குழாய்க்கு வந்து அதிகாரம் பண்ணுவாள். அளவு சின்னவள் வைத்த அளவுதான், திட்டு மட்டும் பழைய திட்டு. தெருவுக்கு அதுவும் தேவையாகத்தான் இருந்திருக்கிறது. என் ஜன்னலுக்கு அவள் வருவதில்லை. அதனால் நான் சீக்கிரமே எழுந்து முதல் ஆளாகக் குடத்தை வைத்துவிடுவேன், பக்கத்தில் நின்றாவது ரெண்டு வார்த்தை பேசலாமே என்று.

ஒருநாள் அப்படித்தான் என் குடம் குழாய்க்கு நேர் கீழே இருந்தது. சின்னவள் பழைய வழக்கப்படி கடைசியில் போய் நின்றாள்.

“ஏ சின்னவளே, அங்க என்ன பண்ற? முன்னாடி வா” என்றாள் மோட்டார் அக்கா.

“பரவாயில்லக்கா. எனக்கெதுக்கு?”

அப்பாடா, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நான் குழாயில் கை வைத்தேன்.

“வாடிங்கறேன்.”

“இருக்கட்டும்க்கா, டைலரம்மா முதல்ல புடிக்கட்டும்.”

மோட்டார் அக்கா மூன்றாவது தடவை வாயால் கேட்கவில்லை. வரிசைக் கடைசிக்குப் போனாள், சின்னவள் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள், என் குடத்தைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு அதைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே. கூடப் பிறந்தவர்களுக்குக்கூட அப்படி வாய்க்காது. சண்டை போடுவதற்கும் சமாதானம் ஆவதற்கும் எனக்கு ஒரு ஓரகத்தி உண்டா, ஒரு நாத்தனார் உண்டா? எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

“நீங்க எல்லாரும் புடிங்கம்மா, எனக்கென்ன அவசரம்” என்று சொல்லிவிட்டு என் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

யாரும் என்னை இரண்டாவது தடவை கேட்கவில்லை.